எடுக்காத பாடத்துக்கு ஒரு சான்றிதழ்

நாற்பத்தாறு வயதில் எனக்கு வாத்தியார் ஆக வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை என்று சொல்வது பாதிதான் உண்மை. மறைமலை நகரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். ஆர்டர் குறைந்தது. ஒரு லைனை மூடினார்கள், பிறகு இன்னொன்றை. கடைசியில் ஹெச்.ஆரில் இருந்த, என்னைவிடப் பதினைந்து வயது சின்னப் பெண், மிக மரியாதையாக உட்காரவைத்து, காபி கொடுத்து, ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். காபி நன்றாக இருந்தது. அதை முழுசாகக் குடித்துவிட்டு எழுந்து வந்தேனே என்ற கோபம் இன்னும் போகவில்லை.

வேறு தொழிற்சாலைகளில் கேட்டேன். ஒரகடம் வரை அலைந்தேன். எங்கே போனாலும் முப்பது வயதுக்காரனைத்தான் தேடினார்கள். என் வயதைச் சொன்னதும் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொல்லி அனுப்பியவர் ஒருவரும் இல்லை. இரும்புலியூர் வீட்டில் பகல் பதினொரு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மாடிக்கு மாடி துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் எங்கள் தெரு எப்படி இருக்கும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

கல்லூரியில் கேட்டுப் பார்க்கச் சொன்னது என் மனைவி. அவள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். தொழிற்சாலைக்கு வருடாவருடம் டிப்ளமோ முடித்த பிள்ளைகள் பயிற்சிக்கு வருவார்கள். அவர்களுக்கு அளவெடுக்கக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. மற்ற நாளெல்லாம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவன், அந்த ஒரு மாதம் மட்டும் சிரித்துக்கொண்டே வருவேனாம். அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. பி.இ. முதல் வகுப்பு, வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் படித்த எம்.இ. ஒன்று, இரண்டும் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தன.

பெருங்களத்தூரைத் தாண்டினால் திரும்பிய பக்கமெல்லாம் பொறியியல் கல்லூரி வளைவுகள்தான். இத்தனை இருக்கிறதே, ஒன்றில் போய் நின்றால் வாரி அணைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். முதல் கல்லூரியில் டாக்டர் பட்டம் இருக்கிறதா என்றார்கள். இரண்டாவதில் ஒரு குமாஸ்தா படிவத்தை வாங்கி, கற்பித்த அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டார். தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் என்றேன். அவர் பொறுமையாக அந்தக் கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டார். மூன்றாவதில் கேட்டது வேறு மாதிரி. மே மாதம் எத்தனை பிள்ளைகளை அட்மிஷனுக்குப் பிடித்துக்கொண்டு வருவீர்கள் என்றார் தாளாளரின் மருமகன். நான் பாடம் எடுக்க வந்திருக்கிறேன், பிள்ளை பிடிக்க இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய்க்கொழுப்புதான். பள்ளிக்கூடங்களிலும் கேட்டேன். அங்கே பி.எட். இல்லாமல் வாசலையே தாண்ட முடியாது.

காத்திருக்கும் அறைகளில் என்னைப் போலவே ஆட்கள் இருந்தார்கள். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, பிளாஸ்டிக் கோப்பு, முன்நெற்றியில் டை அடித்த முடி. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினெட்டு வருடம் இருந்த பெண்மணியை மூன்று கல்லூரிகளில் பார்த்துவிட்டேன். மூன்றாவது முறை பார்த்தபோது இருவருமே தெரியாத மாதிரி இருந்துவிட்டோம்.

எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் அதே பூஜ்யத்தைத்தான் காட்டினார்கள். அனுபவம் இல்லாமல் வகுப்பு கிடையாது. வகுப்பு கிடைக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்? அந்தக் கட்டத்தில் ஒரு எண்ணை மட்டும் எப்படியாவது போட்டுவிட்டால் மற்றதை நான் பார்த்துக்கொள்வேன் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. இப்படித்தான் ஆரம்பித்தது.

அடுத்துப் போன கல்லூரி ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே நாலைந்து கிலோமீட்டர். வாசலில் காவலாளி, "இன்னா சார், வேலைக்கா? ஆபீஸ் அந்தாண்ட கீது, நேரா போ" என்று கை காட்டினார். துறைத்தலைவர் நல்ல மனிதர். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஐம்பது தாண்டியவர், களைத்துப்போன முகம். என் கோப்பை ஒவ்வொரு பக்கமாகப் படித்த முதல் ஆள் அவர்தான். படித்து முடித்துவிட்டு, இடம் காலியில்லை என்றார். ஆனால் அடுத்த மாதம் கல்லூரி அங்கீகாரத்துக்கு இன்ஸ்பெக்ஷன் வருகிறது, மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற ஆசிரியர்களைக் கணக்கில் காட்ட வேண்டும், ஆறு பேர் குறைகிறார்கள் என்றார்.

"நீங்க தினமும் வர வேணாம் சார். இன்ஸ்பெக்ஷன் ரெண்டு நாள் மட்டும் வந்து உட்காருங்க. வருஷக் கடைசியில எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் குடுத்துடறோம்."

நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலையில் கஸ்டமர் ஆடிட், அதாவது பாகம் வாங்குகிற கம்பெனி சோதனைக்கு வருவதற்கு முந்தின வாரம், விட்டுப்போன அளவுகளையெல்லாம் தாள்களில் நிரப்புவோம். அது என் பிரிவு. மூன்று ஷிஃப்டில் மூன்று பேர் எழுதிய மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகப் பேனாவை மாற்றி மாற்றி எழுதுவேன். ஒரு தாளில் வேண்டுமென்றே டீக் கறை வைத்த நாளும் உண்டு. பொருள் சரியாகத்தானே போகிறது, தாள்தானே இது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். எங்களில் யாரும் அதைப் பொய் என்று அழைத்ததில்லை. ஆடிட்டுக்கு எழுதுவது என்பதுதான் அதன் பெயர். கல்லூரியில் அவர் சொன்னதும் எனக்கு அப்படித்தான் கேட்டது. இன்னொரு ஆடிட், இன்னொரு தாள்.

மனைவியிடம் சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "கிளாஸே எடுக்காம எப்படிங்க எக்ஸ்பீரியன்ஸ்?" என்று கேட்டாள். எட்டாம் வகுப்பு வாத்தியாருக்குக் கல்லூரி விவகாரம் எங்கே தெரியப்போகிறது என்ற மாதிரி ஏதோ சொன்னேன். அவள் மறுபடி குனிந்துகொண்டாள். அந்தப் பேச்சை நான் பேசியிருக்கக் கூடாது.

ஆதார் எண்ணும் சான்றிதழ் நகல்களும் கொடுத்தேன். என் பெயரில் ஆசிரியர் எண் ஒன்று உருவானது. ஒரு நாள் மாலை துறைத்தலைவர் கூப்பிட்டு, நீங்கள் இப்போது உதவிப் பேராசிரியர் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு அந்த வார்த்தையை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது.

இன்ஸ்பெக்ஷன் இரண்டு நாளும் நான் பிரமாதமாக நடித்தேன். நடிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, அதுதான் கஷ்டம். குழுவில் ஒருவர் என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டதும் அளவியல் என்றேன். அவர் சும்மா ஒரு கேள்வி கேட்டார். நான் பத்து நிமிடம் பேசினேன். மனிதர் நோட்டை மூடிவைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். துறைத்தலைவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பக்கத்து நாற்காலியில், என்னைப் போலவே இரண்டு நாளுக்காகத் திருச்சியிலிருந்து விடிகாலையில் பஸ் பிடித்து வந்தவர் இருந்தார். நாங்கள் உட்கார்ந்திருக்க, நிஜமாகவே அங்கே தினம் ஐந்து வகுப்பு எடுக்கிற பெண் ஒருத்தி கோப்புகளைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் அவள் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

மதியம் கை கழுவப் போனபோது தாழ்வாரத்தில் மூன்றாமாண்டு மாணவர்கள் சிலர் நின்றிருந்தார்கள். ஒருத்தி, நீங்கள் எங்களுக்கு எந்தப் பாடம் சார் என்று கேட்டாள். அடுத்த செமஸ்டரில் வருவேன் என்றேன். சரிங்க சார் என்றாள், நம்பிக்கையாக. குழுவிடம் அளந்தபோது ஒன்றும் செய்யாத மனது இந்தப் பெண்ணிடம் சொன்னதும் சுருக்கென்றது.

ஒரு வருடம் போனது. குரோம்பேட்டை பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வாரம் மூன்று நாள் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது, அதை வைத்து ஓட்டினேன். சொன்னபடியே சான்றிதழ் வந்தது. கெட்டித் தாள், கல்லூரி முத்திரை, இரண்டு கையெழுத்து. எனது பணி திருப்திகரமாக இருந்ததாம். என் நடத்தையும் நன்றாக இருந்ததாம்.

அதே வாரத்தில்தான் வேளச்சேரி சாலையில் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் விரிவுரையாளர் தேவை என்று விளம்பரம் பார்த்தேன். சின்ன இடம், இரண்டு மாடி, வாசலில் ஒரு வேப்பமரம், சைக்கிள் நிறுத்தத் தகரக் கொட்டகை. முதல்வர் ஒரு பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். கோப்பை வாங்கி மேஜையில் ஓரமாக வைத்துவிட்டு, அப்புறம் பார்க்கலாம், முதலில் வகுப்பு எடுங்கள் என்றார். மற்ற இடங்களில் டெமோ என்றால் நான்கு ஆசிரியர்கள் முன்னால் கரும்பலகையோடு பேசுவது. இவர் நேராக இரண்டாமாண்டு மாணவர்கள் நடுவே கொண்டுபோய் விட்டுவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். மதியச் சாப்பாடு முடிந்த முதல் பீரியட். அறுபது பேருக்கு இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று ஓடவில்லை. பாதிப் பேர் கண் சொக்கிக்கொண்டிருந்தார்கள்.

என் பையில் எப்போதும் மயிரிழைத் தடிமனையும் அளக்கும் ஒரு மைக்ரோமீட்டர் இருக்கும். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட, விரல் நீள இரும்புப் பின் ஒன்றும் இருந்தது. ஐந்து பேரைக் கூப்பிட்டு, ஒருவர் அளந்ததை மற்றவர் பார்க்காமல் அதே பின்னை அளந்து எழுதச் சொன்னேன். ஐந்து விடை வந்தது. யார் சரி என்று கேட்டேன். வகுப்பு விழித்துக்கொண்டது. ஒவ்வொரு பெஞ்சும் தன் ஆளுக்காகச் சண்டை போட்டது. முடிச்சை அவிழ்க்காமல் கொஞ்ச நேரம் விட்டேன். பிறகு ஒருத்தியை மறுபடி அளக்கச் சொல்லி, அவள் விரல் எவ்வளவு அழுத்துகிறது என்று எல்லோரையும் பார்க்க வைத்தேன். கருவி சொல்வதைப் படிப்பதற்கு முன்னால் உன் கை என்ன செய்கிறது என்று பார் என்றேன். மணி அடித்தது. முன்வரிசை எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை நான் சார், நான் சார் என்று கை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் வாழ்க்கையில் அதைவிட நல்ல முக்கால் மணி நேரம் இருந்ததா என்று தெரியவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முதல்வர் அறைக்குத் திரும்பியதும், திங்கட்கிழமை சேர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அலுவலகத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். கோப்பில் அனுபவச் சான்றிதழை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தேன். அந்தப் பூஜ்யம் இல்லாததால்தான் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். அன்று மாலை மனைவியிடம், உன் கேள்விக்குப் பதில் இதுதான் என்கிற தோரணையில் பேசினேன். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கேசரி கிண்டினாள். வகுப்பில் நடந்ததை மூன்று முறை சொல்ல வைத்துக் கேட்டாள்.

வியாழக்கிழமை பாலிடெக்னிக் அலுவலகத்திலிருந்து போன். கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் பொதுவான கணினிப் பதிவில் என் எண்ணை ஏற்ற முடியவில்லை. நான் வேறொரு கல்லூரியில் முழுநேர ஆசிரியராக இருக்கிறேன், அங்கிருந்து விடுவித்த கடிதம் வேண்டும் என்றார்கள். ஓர் ஆளுக்கு ஓர் எண், ஓர் எண்ணுக்கு ஓர் இடம். இருபத்திரண்டு வருடம் பாகங்களுக்கு எண் போட்டவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

அன்றே துறைத்தலைவரிடம் ஓடினேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் மூன்று வாரத்தில் அடுத்த இன்ஸ்பெக்ஷன், இப்போது ஒரு பெயரை எடுத்தால் கணக்கு உதைக்கும் என்றார். அது முடிந்த மறுநாளே கடிதம் தருகிறேன், அதுவரை பொறுங்கள் என்றார். கெஞ்சிப் பார்த்தேன். குரலை உயர்த்தியும் பார்த்தேன். உயர்த்தி என்ன சொல்வது, நான் இங்கே வேலை செய்யவில்லை என்றா? வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

முதல்வருக்குப் போன் செய்து ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். நேரில் வாருங்கள் என்றார். சனிக்கிழமை காலை போனேன். வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போனேன். எந்த செமஸ்டர், எத்தனை மாணவர்கள், எத்தனை சதவீதம் தேர்ச்சி, எல்லாம். பேனா மாற்றி எழுதிப் பழகிய புத்திக்கு அது பெரிய வேலையில்லை.

அவர் சுற்றி வளைக்கவில்லை.

"சார், அந்தக் காலேஜ்ல நீங்க கிளாஸ் எடுத்தீங்களா?"

தயார் செய்தது எதுவும் வரவில்லை. அவர் கேட்ட விதத்தில் குற்றம் சாட்டும் தொனி இருந்திருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

"இல்ல மேடம். பேர் மட்டும்தான்" என்றேன்.

கோப்பை இழுத்து, மேலே இருந்த சான்றிதழை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். முதல் முறையாகப் படிக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இதை நான் பார்க்கவே இல்ல சார். பின்னாடி பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கறப்பவே முடிவு பண்ணிட்டேன். எங்களுக்கு உங்க பி.இ. போதும், ஃபாக்டரில இருந்த வருஷம் போதும். இந்தப் பேப்பருக்காக அங்க பேர் குடுக்காம வந்திருந்தீங்கன்னா திங்கட்கிழமை நீங்க கிளாஸ்ல இருந்திருப்பீங்க."

ஒரு மாதம் காத்திருக்கவும் தயாராகத்தான் இருந்ததாகச் சொன்னார். இப்போது தெரிந்துபோய்விட்டது, தெரிந்த பிறகு எடுத்தால் நானும் இதில் சேர்ந்தவளாகிவிடுவேன் என்றார். திட்டவில்லை. கடிதம் ஏதும் எழுதப்போவதில்லை, யாரிடமும் சொல்லப்போவதுமில்லை என்றார். கோப்பை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார். சனிக்கிழமையானாலும் மேலே ஏதோ வகுப்பு நடந்துகொண்டிருந்தது, பெஞ்சை இழுக்கிற சத்தம் கேட்டது. நான் ஒரு நிமிடம் எழுந்திருக்காமல் இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்த இன்ஸ்பெக்ஷனிலும் போய் உட்கார்ந்தேன், கடிதம் வேண்டுமே. கடிதம் வந்தது. இப்போது என் எண் எந்தக் கல்லூரியிலும் இல்லை. நான் இன்னும் பட்டறைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். விண்ணப்பிக்கிற இடங்களில் அந்தக் கட்டத்தில் நானே பூஜ்யம் எழுதிவிடுகிறேன். இதுவரை யாரும் வகுப்பில் விட்டுப் பார்க்கவில்லை.

என்னை அரிப்பது வேலை போனது மட்டுமல்ல. அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் மனைவி கதவைத் திறந்து முகத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமைக்கென்று இரண்டு சட்டைகளை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கி, கட்டிலில் வைத்திருந்தாள். உண்மையைச் சொல்லவில்லை. வயது குறைந்த ஆளாக வேண்டுமாம், வேறு ஒருத்தனை எடுத்துவிட்டார்கள் என்றேன். அவள் அழுதாள். தொழிற்சாலையில் எனக்கு வேலை போனபோதுகூட அவள் அழவில்லை.

அவளுடைய அக்கா வீடு மேடவாக்கத்தில். மாதம் ஒரு முறையாவது வண்டியில் அந்த வழியாகப் போக வேண்டியிருக்கிறது. பாலிடெக்னிக் திருப்பம் வந்ததும் பின்னாலிருந்து அவள் ஆரம்பித்துவிடுவாள். யாரையும் சபித்துப் பேசத் தெரியாதவள், அந்த முதல்வரை மட்டும் விடுவதில்லை. போன வாரமும் அப்படித்தான், சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம்.

"அவ்வளவு நல்லா கிளாஸ் எடுத்தீங்க. சர்டிபிகேட்டும் மேலயே வெச்சிருந்தீங்க. அந்தம்மா அதைக்கூடப் பாக்கலையா?"

"பாக்கல" என்றேன். பச்சை விழுந்தது, வண்டியை எடுத்தேன்.